தோல் உரிக்கத் தெரிந்தவர்

கிரின்ஸ்டெட்டிலிருந்து இக்காஸ்டுக்குத் திரும்பும் வழி முழுக்கத் தவராஜா பின்கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே காரோட்டினார். காரின் டிக்கிக்குள் செத்த மிருகங்கள் நான்கு, உறைந்து விறகுக்கட்டையாகி, கறுப்புப் பைகளில் கிடந்தன. பக்கத்தில் இருந்த மனைவி மனோரஞ்சிதத்துக்கு அது தெரியாது.

“சம்பந்தி என்னத்தையப்பா டிக்கியுக்கை ஏத்தினவர்?”

“உருளைக்கிழங்கு.”

“எத்தினை கிலோ?”

தவராஜா மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார். “முப்பது வரும்.”

“நல்ல மனுசர்,” என்றாள் மனோரஞ்சிதம். “நாளைக்கே ஒரு பிரட்டல் வைச்சு, அவையளுக்கும் குடுத்துவிடவேணும்.”

மறுநாள் காலையில் தவராஜா கடைக்குப் போய், முப்பது கிலோ உருளைக்கிழங்கைக் காசு கொடுத்து வாங்கி வந்து சமையலறையில் இறக்கினார். மிருகங்களைக் கராஜில் இருந்த பெரிய பிறீசரின் அடியில், இறால் பைகளுக்குக் கீழே புதைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு பொய்க்கு இவ்வளவு பாரம் இருக்குமென்று அவர் நினைத்திருக்கவில்லை.

அந்தப் பொய் முதல்நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. மகள் நிஷாந்தி ஓகூஸில் தாதிப் படிப்புப் படிக்கிறாள். அவள் கட்டப்போகும் மிக்கெலின் பெற்றோரை முதன்முதலாகப் பார்க்கப் போன விருந்து அது. மிக்கெலின் தகப்பன் ஹென்னிங், நிலைக்கதவில் தலை இடிக்கும் உயரம். வீட்டுச் சுவர் முழுக்க மான்கொம்பு. உறைபனியில் பொறி வைத்ததையும் விடியும்வரை காத்திருந்ததையும் அவர் கை அசைத்துச் சொன்னபோது, மேசையில் இருந்த கிளாஸ்கள்கூட ஒதுங்கி நின்று கேட்பதுபோல இருந்தது.

“நீங்கள்?” என்றார் ஹென்னிங், பிறகு. “இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்ன வேலை செய்தீர்கள்?”

கோழித் தொழிற்சாலையில் தரை கழுவினார். இக்காஸ்டில் துணி ஆலையில் பெட்டி தள்ளினார். ஒரே ஒரு நவம்பர் மாதம், தோலுக்காக மிங்க் என்ற கீரி மாதிரிப் பிராணியை வளர்க்கிற பண்ணையில், தோலை உரித்த பிறகு மிஞ்சுகிற உடல்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் வெளியே கொட்டினார். இப்போது பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் போல்ட் பெட்டிகளைத் தள்ளுகிறார். முப்பது வருடமாக மற்றவர்கள் செய்து முடித்ததைத் தள்ளியதுதான் அவருடைய உத்தியோகம். அதை அந்த மான்கொம்புகளுக்குக் கீழே இருந்து சொல்ல அவருக்கு நா எழவில்லை.

“மிங்க் பண்ணையில் தோல் உரித்தேன்,” என்றார். அது போதாதென்று பட்டது. “ஏழு வருடம். கடைசியில் உரிப்பவர்களுக்கெல்லாம் என்னைத்தான் தலைவராகப் போட்டார்கள்.”

மனோரஞ்சிதம் அந்த நேரம் பார்த்து ஹென்னிங்கின் மனைவி கியர்ஸ்டனோடு கோழிக்கூடு பார்க்கப் போயிருந்தாள். இருந்திருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

நிஷாந்தி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்பா, இதை ஒருநாளும் நீங்கள் எனக்குச் சொல்லவில்லையே!” என்றாள் டேனிஷில். அவள் முகத்தில் இருந்தது பெருமை. அந்த முகத்தை அவர் கடைசியாகப் பார்த்தது, அவளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கிய வருடம்.

ஹென்னிங் எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். தன்னிடம் நாலு மோர்ஹுன் இருப்பதாகவும், எல்லாம் தானே பொறிவைத்துப் பிடித்ததென்றும், உரிக்கத்தான் நேரமில்லையென்றும் சொன்னார். மோர்ஹுன் என்பது நரியின் உடம்பில் மரநாயின் முகத்தை ஒட்டிவைத்த மாதிரி ஒரு பிராணி. வெளியிலிருந்து வந்து பெருகிவிட்டதால், அதைப் பிடித்து ஒழிக்கச் சொல்லி அரசாங்கமே கேட்கிறது.

“நீங்கள் உரித்து, கொழுப்பைச் சுரண்டி, பலகையில் இழுத்துக் காயவைத்துத் தாருங்கள். நான் பதனிட அனுப்புகிறேன். பிள்ளைகளின் புது வீட்டுக்கு ஒரு போர்வை! பிடித்தது நான், உரித்தது நீங்கள். இரண்டு அப்பாமாரின் பரிசு.”

“காசு வேண்டாம்,” என்று மட்டும் தவராஜாவால் சொல்ல முடிந்தது.

“தொழில் தெரிந்தவருக்குக் கூலி கொடுக்காமல் விடமாட்டேன்,” என்றார் ஹென்னிங். மறுநிமிடம் தவராஜாவின் கைபேசி கிணுங்கியது. ஆயிரத்து இருநூறு குரோனர் கணக்கில் விழுந்திருந்தது.

*

கந்தசஷ்டி விரதத்தின் நாலாம் நாள், முருங்கையிலை தேடிப் பிறீசரைக் கிளறிய மனோரஞ்சிதத்தின் கையில் ஒரு வால் அகப்பட்டது.

அவள் போட்ட சத்தத்தில் தவராஜா சவர நுரையோடு ஓடிவந்தார்.

“ஐயோ, இது ஆரின்ரை நாயப்பா?”

“நாயில்லை மனோ, கத்தாதேயும். மோர்ஹுன்.”

“மோரோ?”

“மோர்ஹுன்!”

“மோரிலை வால் இருக்குமே? விரதக்காரி கைவைக்கிற பிறீசருக்குள்ளை என்னத்தையப்பா கொண்டுவந்து வைச்சிருக்கிறியள்?”

தவராஜா உண்மையைச் சொன்னார். நுரை காயும்வரை சொன்னார். அவள் பிறீசரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“மீன் வெட்டத் தெரியுமே உங்களுக்கு? முப்பது வருசமா அறக்குளா வெட்டுறது நான். ரத்தத்தைக் கண்டா மற்றப்பக்கம் திரும்பி நிக்கிற ஆள் நீங்கள்.”

“ஓம்.”

“ரெலிபோனை எடுத்து, எனக்கு ஒண்டும் தெரியாது, சும்மா சொன்னனான் எண்டு சொல்லுங்கோ.”

“அந்தாள் என்ன நினைக்கும்? பிள்ளை என்ன நினைக்கும்? காசும் வாங்கிட்டன்.”

“அப்ப உந்த உருளைக்கிழங்கு?”

தவராஜா தலை குனிந்தார். நாலு நாளாக அந்த வீட்டில் உருளைக்கிழங்கைத் தவிர வேறு கறியில்லை.

*

அந்தோனிதாசன் மட்டக்களப்பு ஆள். மிங்க் பண்ணையொன்றில் பன்னிரண்டு வருடம், உண்மையாகவே தோல் உரித்தவர். கொரோனா வருடத்தில், நோய் பரப்புமென்று நாட்டிலிருந்த மிங்க் அத்தனையையும் அழித்தபோது வேலை போனது. அவரிடம் ஓடினார் தவராஜா.

“ஒண்டுக்கு நானூறு தாங்க அண்ணன், முடிச்சுத் தாறன்,” என்றார் அந்தோனிதாசன்.

“எனக்கே முந்நூறுதானே தந்தவர்.”

“அப்ப நீங்களே உரியுங்களன்.”

நானூறுக்கு முடிந்தது. ஒரு மிருகத்தை ஒருநாள் முழுக்க இளகவிட்டு, சனிக்கிழமை காலையில் கராஜில் மேசை போட்டார்கள். அந்தோனிதாசன் ஏப்ரன் கட்டி, கத்தியைத் தீட்டி, சிலுவை போட்டுக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“என்ன?”

“மெசின் இல்லையே அண்ணன்.”

“என்ன மெசின்?”

“பண்ணையில நான் காலைக் கொழுவி விடுவன். மெசின்தான் இழுக்கும். ஒரு நாளைக்கு ரெண்டாயிரம்.” மிருகத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “பரவாயில்லை. இழுக்கிறதுதானே வேலை. நீங்க தலையைப் பிடிங்க.”

தவராஜா கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பிடித்தார். அந்தோனிதாசன் எங்கேயோ வெட்டி, எதையோ பிடித்து, மேசைக்காலில் உதைத்து இழுத்தார். கிழிகிற சத்தம் ஒன்று கேட்டது. தவராஜா கண்ணைத் திறந்தபோது, அந்தோனிதாசன் வாசற்பக்கமாக விழுந்து கிடந்தார். அவர் கையில் வால் மட்டும் இருந்தது.

மணம் தாங்காமல் பாதி திறந்து வைத்திருந்த கராஜ் கதவுக்கு வெளியே, பக்கத்து வீட்டு லிஸ்பெத் தன் சின்ன வெள்ளை நாயோடு நின்றாள்.

“அது என்ன?” என்றாள்.

தவராஜா வாயைத் திறந்தார். மோர் என்பது உள்ளேயே நின்றுவிட்டது. “...ஹுன்,” என்பது மட்டும் வெளியே வந்தது.

டேனிஷில் ஹுன் என்றால் நாய்.

லிஸ்பெத் தன் நாயை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கு அறுபத்தைந்து வயது. அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

மத்தியானத்துக்குள் ஊர்ப் பேஸ்புக் குழுவில் செய்தி வந்துவிட்டது. பெயர் போடவில்லை, எங்கள் தெருவில் ஒருவர் கராஜுக்குள் நாயைத் தோலுரிக்கிறார் என்று மட்டும். கீழே நூற்றுக்கு மேல் பின்னூட்டம். அதில் சிலவற்றைத் தவராஜா பாதியோடு நிறுத்திவிட்டார். எந்த நாட்டு ஆட்கள் நாய் தின்பார்கள் என்று ஒருவர் விளக்கியிருந்தார். முப்பது வருடமாகத் தெருவில் எல்லோருக்கும் கை காட்டியவர், அன்று குப்பை போடக்கூட வெளியே போகவில்லை. பொய் சொன்னது அவர் ஒருவர். வெட்கக்கேடு மட்டும் ஊரிலுள்ள தமிழ்ச் சனம் அத்தனைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

நாலு மணிக்கு நிஷாந்தி தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா,” என்றாள், மிச்சமெல்லாம் டேனிஷ். “கவலைப்படாதீர்கள். நான் எல்லோருக்கும் பதில் எழுதிவிட்டேன்.”

“என்னெண்டு எழுதினனீ?” என்றார் தவராஜா.

“அது நாயில்லை, மோர்ஹுன் என்று. என் அப்பா ஏழு வருடம் தோல் உரித்த கைதேர்ந்த தொழிலாளி, உங்களில் யாருக்கும் அவருடைய கால்வாசி தெரியாது என்று. இருநூறு பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள் அப்பா!”

தவராஜா கதிரையில் உட்கார்ந்தார்.

“அப்பா, கேட்கிறதா? எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?”

“ஓம் பிள்ளை,” என்றார். “கேக்குது.”

*

மறுநாள் லிஸ்பெத் கேக்கோடு வந்தாள். கண் கலங்கி மன்னிப்புக் கேட்டாள். பதிவை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். அவள் மன்னிப்புக் கேட்கக் கேட்க, தவராஜா மேலும் மேலும் சிறுத்துக்கொண்டே போனார்.

“என் தம்பியிடம் இரண்டு நரி இருக்கிறது,” என்றாள் போகும்போது. “உங்களிடம் கொண்டுவரட்டுமா?”

“இந்த வருடம் கை நிறைய வேலை,” என்றார் தவராஜா. அதையும் அவர் வாய் தானாகவே சொன்னது.

“பாவம் நீங்கள். இதுவரைக்கும் இந்தப் பக்கத்தில் இந்த வேலைக்கு அன்னா ஒருத்திதான். பிராண்டேக்கு வெளியே, காட்டோரம், சிவப்புக் கொட்டகை. வேட்டைக்காரர்கள் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள்.”

தவராஜா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே கார்ச் சாவியைத் தேடினார்.

அன்னாவுக்கு எழுபது வயது இருக்கும். முழங்கால்வரை ரப்பர் ஏப்ரன். கொட்டகைக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தவராஜா மூன்று முழு மிருகங்களையும், நாலாவதின் மிச்சத்தையும் மேசையில் வைத்தார்.

“இதற்கு என்ன நடந்தது?” என்றாள் அன்னா, மிச்சத்தைக் காட்டி.

“ஒரு விபத்து.”

“லொறியா?”

“அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதிலாக இன்னொன்று விலைக்குக் கிடைக்குமா?”

“கிடைக்கும். உரிப்பதற்கு ஒன்றுக்கு ஐந்நூறு. முழு மிருகம் தனியாக அறுநூறு.”

தவராஜா கணக்குப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வரும். “யாரிடமும் சொல்லக்கூடாது,” என்றார்.

“இங்கே வருகிற யாருடைய பெயரையும் நான் கேட்பதில்லை,” என்றாள் அன்னா.

தன்னிடம் ஏற்கெனவே இளகியிருந்த ஒன்றை எடுத்து, பின்னங்காலின் ஓரமாக ஒரே கோடு போட்டாள். பிறகு, நித்திரையான குழந்தையின் காலுறையைக் கழற்றுவதுபோல, மெல்ல மெல்லத் தோலை உட்புறம் வெளியாகக் கழற்றிக்கொண்டு போனாள். ஒரு கோப்பை கோப்பி ஆறுவதற்குள் தோல் தனியாக, உடல் தனியாக. கொழுப்பைச் சுரண்டும் ஓசைகூடச் சீராக இருந்தது. தவராஜா இந்தமுறை மற்றப்பக்கம் திரும்பவில்லை. இதைத்தான் நான் ஏழு வருடம் செய்தேன் என்று சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தார். காது மடல் சுட்டது.

சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. சுவரில் சாய்த்திருந்த தள்ளுவண்டியை எடுத்தார். உரித்த உடலை ஏற்றினார். மூலையில் மரத்தூள் கண்டு, அள்ளி அடியில் தூவினார், ஈரம் ஒழுகாமல். வெளியே பெரிய தொட்டிவரை ஒரு சொட்டுச் சிந்தாமல் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டி, வண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அன்னா கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“இந்த வேலையை நன்றாகத் தெரிந்த ஆள் நீங்கள்,” என்றாள்.

அந்தப் பதினைந்து நாளில் அவருக்குக் கிடைத்த புகழ்ச்சிகளில் அது ஒன்றுதான் உண்மை. தவராஜா வெளியே போய்க் காருக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினார்.

*

தோல்கள் பலகையில் காய்ந்து கைக்கு வந்ததும், கிரின்ஸ்டெட்டில் மறுபடி விருந்து. காரில் மனோரஞ்சிதம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

“நான் வாய் திறந்தா உண்மைதான் வரும். அதாலை நான் சாப்பிட்டுக்கொண்டே இருப்பன். என்னோடை ஒருத்தரும் கதைக்கக்கூடாது.”

ஹென்னிங் தோல்களை ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஊதிப் பார்த்தார். “ஒரு ஓட்டை இல்லை! கியர்ஸ்டன், பார், ஒரு ஓட்டை இல்லை!” கியர்ஸ்டன் பார்த்தார், தலையாட்டினார், கிழங்குத் தட்டை மனோரஞ்சிதத்தின் பக்கம் நகர்த்தினார். மனோரஞ்சிதம் மேலும் இரண்டு போட்டுக்கொண்டாள். நிஷாந்தி தகப்பனின் தோளில் சாய்ந்து நின்றாள். இதோடு முடிந்தது, இன்னும் ஒரு மணித்தியாலத்தில் காரில் ஏறிவிடலாம் என்று தவராஜா எண்ணிக்கொண்டார்.

“உங்களுக்கு ஒரு ஆச்சரியம்,” என்றார் ஹென்னிங்.

கராஜில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் ஐந்தாவதாக ஒரு மோர்ஹுன். இளகிக் கிடந்தது.

“போன கிழமை பிடித்தேன். மிக்கெலும் நானும் பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறோம். பிள்ளை தன் மாமாவிடம் தொழில் பழகட்டும்.” புதுக் கத்தியொன்றை இரண்டு கையாலும் நீட்டினார். மிக்கெல் கைபேசியில் படம் பிடிக்கத் தயாரானான். கியர்ஸ்டன் கையைத் துடைத்தபடி கதவடியில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மனோரஞ்சிதம், வாய் நிறைய.

தவராஜா கத்தியை வாங்கினார். பிடி குளிர்ந்திருந்தது. பின்னங்காலில் ஒரு கோடு என்பது வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருந்தது. காலைத் தொட்டார். நிமிர்ந்தபோது நிஷாந்தியின் முகம் தெரிந்தது. அதே பெருமை. ஊருக்கே எழுதிய பெருமை.

கத்தியை மேசையில் வைத்தார்.

“எனக்கு உரிக்கத் தெரியாது,” என்றார்.

ஹென்னிங் சிரித்தார். ஒருவரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

“நான் ஏழு வருடம் உரிக்கவில்லை. ஒரு மாதம் வேலை செய்தேன். மற்றவர்கள் உரித்த உடல்களை வண்டியில் வைத்துத் தள்ளினேன். அவ்வளவுதான்.” டேனிஷ் இலக்கணம் எல்லாம் பிழைத்தது, அவர் நிறுத்தவில்லை. “நீங்கள் தந்ததில் ஒன்றை நானும் என் கூட்டாளியும் கிழித்துப்போட்டோம். மிச்சத்தைப் பிராண்டேயில் அன்னா என்ற பெண்ணிடம் கொண்டுபோனேன். கிழிந்ததற்குப் பதிலாக இன்னொன்றை அவளிடமே வாங்கினேன். நாலையும் உரித்தது அவள். உங்கள் காசைத் திருப்பித் தருகிறேன். நீங்கள் உண்மையான வேட்டைக்காரர். உங்களுக்குப் பக்கத்தில் வண்டி தள்ளுபவனாக உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்காகத்தான்.”

பிறகு தமிழில், மகளைப் பார்க்காமல், “பிள்ளை, நீ அந்தப் பேஸ்புக்கில எழுதினதை எடுத்துப்போடு,” என்றார்.

நிஷாந்தியின் கை வந்து அவருடைய சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டது. அது கோபமா, வேறேதாவதா என்று பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

ஹென்னிங்கின் முகம் கழுத்திலிருந்து சிவந்துகொண்டு வந்தது. காது சிவந்தது. வழுக்கைத் தலையும் சிவந்தது. கல்யாணம் போச்சு என்று தவராஜா நினைத்தார். மனோரஞ்சிதம் மென்று கொண்டிருந்ததை அப்படியே விழுங்கினாள்.

கதவடியில் நின்ற கியர்ஸ்டன் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டார்.

“ஹென்னிங், அந்த மனிதர் சொல்லிவிட்டார்,” என்றார். “இனி நீயும் சொல்லு, இந்த ஐந்தையும் அந்த அன்னாவிடம் என்ன விலைக்கு வாங்கினாய் என்று.”